தேடினால் முதலில் வருகிறவர்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் நான் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். ஐந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன், வாசலில் காலணிகளைக் கழற்றச் சொல்லி ஒரு போர்டு. காலையில் அங்கே பாடம் நடத்துவேன். மத்தியானத்துக்கு மேல் அதே அறை இன்டர்நெட் பார்க்கிற இடமாகிவிடும். சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு என் அப்பா வருவார். செருப்பைக் கழற்றுவார், குடையைச் சுவரில் சாய்ப்பார், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏளா, வந்துட்டா?"

வெளியூரிலிருந்து யாரோ வரவேண்டியிருக்கிறது என்றுதான் சென்டர் உரிமையாளர் முதலில் நினைத்தார். வரவேண்டியது ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி நான் இன்டர்நெட்டில் போட்டிருந்த ஒரு பக்கம். அது தேடுபொறியில் வந்துவிட்டதா, வந்திருந்தால் எத்தனையாவதாக வந்திருக்கிறது என்பதுதான் அப்பாவுக்குத் தெரியவேண்டும். முப்பத்து நான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, சூப்பிரண்டாக ஓய்வு பெற்ற மனிதருக்கு அந்த வருஷத்தில் வேறு கவலையே கிடையாது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன். எங்கள் பூர்வீக ஊர் ஏரலுக்குப் போகிற வழியில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் வாய்க்கால் பாயும் வயலெல்லாம் எங்கள் குடும்பத்துடையது என்பார்கள். நான் பிறந்தபோது ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. விற்றவர்கள் விற்றார்கள், தின்றவர்கள் தின்றார்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ஊர்ச் சிவன் கோயில் பங்குனித் திருவிழாவில் மூன்றாம் திருநாள் எங்கள் குடும்பத்து மண்டகப்படி, அதாவது அன்றைய செலவும் எங்களுடையது, சிறப்பும் எங்களுடையது. சாமி ஊர்வலமாக வந்து வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் இருக்கும் எங்கள் மண்டபத்தில் இறங்குவார். பட்டர் எங்கள் குடும்பத்துப் பெரியவர் தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் திருநீறு கொடுப்பார். நான் வாட்ச் கட்டிய புதிதில் நேரம் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக வருஷம் முழுக்கச் சண்டை போட ஆட்கள் இருந்தார்கள். பெண்கள் அந்த மண்டபத்தில் ஏறக்கூடாது. அம்மாவும் நானும் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்போம்.

சண்டைக்கு எதிராளி அப்பாவின் பெரியப்பா மகன். எனக்குப் பெரியப்பா முறை. தச்சநல்லூரில் அரிசி மொத்த வியாபாரம், இரண்டு மாடி வீடு, அமெரிக்காவில் ஒரு மகன். அவருடைய அப்பா மூத்தவர், என் தாத்தா இளையவர். மூத்தவர் கொல்லத்தில் கடை வைத்திருந்த காலத்தில் பரிவட்டம் யாருக்குக் கட்டினார்கள் என்பதுதான் வழக்கு. எங்க அப்பா ஒவ்வொரு திருவிழாவுக்கும் ரயிலேறி வந்து கட்டிக்கொண்டார் என்று பெரியப்பா சொன்னார். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அத்தனை வருஷமும் எங்க அப்பாதான் கட்டினார் என்று என் அப்பா சொன்னார். இதில் பெரியப்பாவிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது. அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான். "தம்பிக்குப் பெறவு கட்டுததுக்குத் தலை இல்லையே, இப்பமே ஒப்படைச்சிட்டா மரியாதையாப் போயிரும்லா" என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் தலை இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்தத் துணி வேண்டாம் என்பது வேறு விஷயம்.

கோயில் நிர்வாக அதிகாரி இரண்டு பேரிடமும் ஆவணம் கேட்டார். பழைய ரசீது, பழைய நோட்டீஸ், எதுவானாலும் கொண்டுவாருங்கள் என்றார். பெரியப்பா கொண்டுபோனது ஒரு கலர் பிரிண்ட். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கோயிலைப் பற்றி ஒரு இன்டர்நெட் பக்கம் போட்டு, அதில் தன் தாத்தாதான் பரம்பரை முதல் மரியாதைக்காரர் என்று எழுதியிருந்தான். கூடவே இன்னொரு தாள். தேடுபொறியில் தேடினால் அந்தப் பக்கம்தான் முதலாவதாக வருகிறது என்பதற்கு அத்தாட்சி. அதிகாரிக்கு அது என்னவென்று புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அலுவலகத்தில் 'பெறப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டார்கள். ஸ்டாம்ப் விழுந்ததும் அது ஆவணமாகிவிட்டது.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. சாமி மரியாதைபோல இதிலும் முதல், இரண்டாவது என்று உண்டு, உலகமே பார்க்கிற பட்டியலில் அண்ணாச்சி முதலில் நிற்கிறார் என்பது அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் என்னிடம் வந்தார்.

"ஏளா, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க. நமக்கும் ஒண்ணு போடு. அவாளுக்கு மேல நிக்கணும்."

"அப்படியெல்லாம் மேல கீழன்னு நம்ம நெனச்சபடி நிறுத்த முடியாதுப்பா."

"முடியாதுங்கிறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கினேன். அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மனு எழுதுகிற ஆங்கிலம். பொருள், பார்வை, ஒன்று, இரண்டு என்று பத்தி எண்கள், ஒவ்வொரு பத்தியிலும் பணிந்து தெரிவித்துக்கொள்ளுதல். உலகத்துக்கே ஒரு மனு. நான்காம் பத்தியை மூன்று தரம் திருத்தினார். கொல்லத்துக்காரர் ஊரில் இல்லாத அத்தனை வருஷமும், ஒரு வருஷம்கூட விடாமல், மூன்றாம் திருநாள் பரிவட்டம் தன் தகப்பனாருக்கே கட்டப்பட்டது என்பது அந்தப் பத்தி. ஒரு வருஷம்கூட விடாமல் என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். இலவச இடம் என்பதால் பக்கத்தின் தலையில் ஒரு விளம்பரம் ஆடிக்கொண்டே இருக்கும். பரிவட்டம் கட்டிய அப்பாவின் போட்டோவுக்கு மேலே அமெரிக்காக்காரன் உடம்பு இளைக்கும் மாத்திரை விற்றான். "இவன் யாரு? அண்ணாச்சி ஏற்பாடா?" என்று அப்பா கேட்டார்.

பக்கத்தைச் சேர்க்கச் சொல்லித் தேடுபொறிகளுக்கு விண்ணப்பம் அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். சில வாரம் ஆகும், சிலசமயம் சேர்க்கவே மாட்டார்கள். இது அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபட்ட விதம்தான் கொடுமை.

"ஃபைலு எந்த சீட்டுல நிக்கி?" என்று கேட்டார் முதல் சனிக்கிழமை.

"சீட்டெல்லாம் கெடையாதுப்பா. மெஷின்தான் பாக்குது."

"மெஷினப் பாக்க ஒரு ஆளு இருப்பான்லா. அவன் மேசைல கெடக்கும். ஒரு நினைவூட்டு அனுப்பு."

நினைவூட்டு அனுப்பினேன். அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்புவதுதான் நினைவூட்டு. அடுத்த வாரம் இரண்டாம் நினைவூட்டு. அப்பா தன் டைரியில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று பக்கத்தின் அடியில் இருந்தது. வாராவாரம் அது ஏறுவதைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். ஏற்றியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம்கூட இல்லை. என்ன மனுஷர் இவர் என்ற அலுப்புதான் இருந்தது. அலுப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏளனம்தான்.

மூன்றாம் வாரம், அப்பா இல்லாத ஒரு புதன்கிழமை, ஊர் பெயரை மட்டும் அடித்துத் தேடினேன். மொத்தமே நான்கு பக்கங்கள்தான் வந்தன. எங்கள் பக்கம் இல்லை. பெரியப்பா பக்கம் மூன்றாவதாக இருந்தது. முதலாவதாக வந்தது எனக்கு முன்பின் தெரியாத ஒருவருடைய பக்கம். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் ஊர்க்காரர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் பிறந்தவர். அந்தப் பக்கம் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். அந்தத் தெருக்காரர்கள் எங்கள் வயலில் வேலை செய்தார்கள், எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள், வரவிட்டதில்லை.

பக்கம் முழுக்க மண்தான். ஆற்று வண்டல் எப்படிப் படிகிறது, வாய்க்கால் கடைசியில் மண் ஏன் நிறம் மாறுகிறது என்றெல்லாம் எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தனக்கு இந்த மண் எப்படிப் பழக்கம் என்று சொல்லுகிற இடத்தில் ஒரே ஒரு பத்தி. ஒன்பது வயதில், பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள், விளக்கு அலங்காரம் பார்க்கிற ஆசையில் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார். மண்டபத்தில் தலையில் பட்டுக் கட்டியிருந்த மனிதர் இறங்கி வந்து, அவரை அங்கிருந்த ஒரு மரத்தோடு சேர்த்துத் தன் கையாலேயே கட்டினார். சாமி ஊரைச் சுற்றிக் கோயிலுக்குள் போகிறவரை அவிழ்க்கக்கூடாது என்று உத்தரவு. 'அவர் குனிந்து முடிச்சுப் போட்டபோது அவர் மாலையிலிருந்து ஓர் இதழ் என் தோளில் விழுந்தது. கை கட்டியிருந்ததால் தட்டிவிட முடியவில்லை' என்று எழுதியிருந்தார். வசவு இல்லை, பெயர்கூட இல்லை. அடுத்த பத்தியில் மறுபடி மண் வந்துவிட்டது.

அவர் எந்த வருஷம் என்று எழுதியிருந்தார். கொல்லத்துக்காரர் ஊரில் இல்லாத வருஷங்களில் ஒன்று. பெயர் எதற்கு? ஒரு வருஷம்கூட விடாமல் என்று நானே என் கையால் தடித்த எழுத்தில் அடித்திருக்கிறேனே. கட்டியவர் என் தாத்தா.

நான் அதைப் பிரிண்ட் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்றைக்கு நல்ல காரணமாக எதையாவது கண்டுபிடிக்கலாம். அன்றைக்கு இருந்தது வெட்கம்தான். அதோடு, சொன்னால் அவர் என்ன சொல்லுவாரோ என்ற பயம். அவர் சொல்லப்போவதைக் கேட்டால் அதற்குப் பிறகு அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட முடியாமல் போய்விடுமோ என்று நினைத்தேன்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் ஊர் பெயரைத் தனியாக அடிப்பதில்லை. தாத்தாவின் முழுப்பெயரையும் எங்கள் வீட்டுப் பட்டப்பெயரையும் சேர்த்து அடிப்பேன். உலகத்தில் அந்தச் சொற்கள் சேர்ந்து இருக்கிற பக்கம் எங்களுடையது மட்டும்தான். ஆறாவது வாரம் தேடுபொறி ஒருவழியாக எங்களைச் சேர்த்துக்கொண்டது. முதலாவதாக வந்தது. முதலாவது என்ன, வந்ததே அது ஒன்றுதான். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சியோடது எங்கன?"

"இதுல இல்ல."

"இல்லவே இல்லையா?" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எனக்கு வேலை கிடைத்தபோதுகூட நான் பார்த்ததில்லை. பிரிண்ட் எடுக்கச் சொன்னார். இரண்டு பிரதி. அமெரிக்க அண்ணன் செய்திருந்ததும் இதே வித்தைதான். அவன் தன் தாத்தா பெயரை அடித்துத் தேடியிருந்தான். தாளின் மேல் பகுதியில், என்ன கேட்டார்கள் என்கிற கட்டத்தில், அந்தப் பெயர் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. ஒருவர்கூட அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. தன் பெயரைச் சொல்லித் தானே கூப்பிட்டுத் தானே ஆஜர் சொல்லிக்கொள்வதைக் குடும்பப் பெருமை என்று இரண்டு படித்த வீடுகள் ஃபைலில் சேர்த்தன.

விசாரணைக்கு அப்பா என்னையும் அழைத்துப்போனார். கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். ஏரல் பஸ்ஸில் போய் இறங்கினோம். கோயில் அலுவலகம் என்பது மடப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அறை. பெரியப்பா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பிள்ளையையும் கூட்டிட்டு வந்துட்டியா தம்பி? நல்லாருக்கு" என்றார். அப்பா, "அண்ணாச்சி அமெரிக்காவையே கூட்டிட்டு வரலாம், நான் எம்மகளக் கூட்டிட்டு வரக்கூடாதா?" என்றார்.

அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருமே முதல்ல வர்றீங்களே, அது எப்படி?" என்றார்.

"அவாளோடது பழசு சார். இது அதுக்குப் பெறவு எடுத்தது" என்றார் அப்பா.

"இது அமெரிக்காவுலேயே எடுத்தது. ஒரிஜினல்" என்றார் பெரியப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் இருந்திருக்கலாம். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எது சரி?"

"ரெண்டும் சரிதான் சார். மேல கட்டத்துல பாருங்க. அவங்க அவங்க தாத்தா பேர அடிச்சா அவங்க அவங்க பக்கம்தான் வரும்."

அவர் குனிந்து அந்தக் கட்டத்தைப் படித்தார். முதல்முறையாக ஒருவர் அதைப் படித்தார். பிறகு அவர் கேட்டது யாராவது எப்போதோ கேட்டிருக்கவேண்டிய சாதாரணக் கேள்வி. "அப்ப ஊர் பேரை மட்டும் அடிச்சா யார் முதல்ல வருவாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது. அவர் பெயர்தான் வரும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். நான் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். நீதிக்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். நான்கு மாசமாக அந்த இரண்டு பேர்மேலும் சேர்த்து வைத்திருந்த வெறுப்பு கையை நீட்டவைத்தது. அந்தத் தாளில் இருந்த மனிதரை நான் அப்போது நினைக்கக்கூட இல்லை.

அதிகாரி மனசுக்குள் படித்தார். மண்ணைத் தாண்டி, மரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அந்தப் பத்தியை மட்டும் சத்தமாக, தமிழில் சொன்னார். இதழ் விழுந்ததையும் சொன்னார். மடப்பள்ளியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"வருஷம் போட்டிருக்கார்" என்றார் அதிகாரி. "அந்த வருஷம் பரிவட்டம் கட்டினது யாரு?"

இரண்டு வருஷமாக, கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல், எங்க அப்பாதான் எங்க அப்பாதான் என்று தொண்டை கிழியக் கத்திய பெரியப்பா, மூச்சுவிடக்கூட நிற்காமல் சொன்னார். "சார், எங்க ஐயா அப்பம் கொல்லத்துல இருந்தாஹ. திருவிழாவுக்கெல்லாம் வரல. தம்பி வீட்டுலதான் கட்டுனாஹ. மூணாந் திருநாளு அவாளுக்குள்ளதுதான். நான் எழுதியே குடுத்திருதேன்."

பேனாவைக்கூட அவரே எடுத்தார். அவ்வளவு அவசரம்.

இப்போது எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவருக்கும் வழி இருந்தது. நினைவில்லை என்று சொல்லலாம், அந்த வருஷம் மட்டும் யாரோ என்று சொல்லலாம். நான்காம் பத்தி அவர் முன்னால் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாதான் சார்" என்றார் கடைசியில். "எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு விட்டுக்கொடுத்துவிட்டதால் அப்பாவுக்கே உரிமை என்று உத்தரவாகிவிட்டது. ஒரு பையனைக் கட்டிப்போட்ட கைதான் பரிவட்டத்துக்கு உரியது என்று ஆவணப்படி நிரூபணமாகி, எங்கள் குடும்பம் வழக்கை ஜெயித்தது. அப்பா அதை ஒப்புக்கொள்ளுதலாகச் சொன்னாரா, உரிமை கொண்டாடினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது எத்தன நாளா ஓங்கிட்ட இருக்கு?"

"நாலு மாசமா."

"ம்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பங்குனியில் அவர் பரிவட்டம் கட்டிக்கொண்டார். கட்டாமல் இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். என் முட்டாள்தனம். பளபளவென்று கரைபோட்ட வேஷ்டி, பட்டு, கழுத்து நிறைய மாலை. கீழே தெருவில் நின்று அம்மாவும் நானும் பார்த்தோம். மறுவாரம் புதிய போட்டோவோடு சென்டருக்கு வந்தார். "பழைய படத்த எடுத்துட்டு இதப் போடு" என்றார். ஒரு வார்த்தை பேசாமல் போட்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்கவேண்டியவள் நான். அதற்குப் பதிலாக, எப்படிப்பட்ட அப்பா பார் என்று மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே, படத்தைச் சரியான அளவுக்கு வெட்டிப் போட்டேன்.

அதற்குள் எங்கள் பக்கம் ஊர் பெயரை அடித்தாலும் வர ஆரம்பித்திருந்தது. இரண்டாவது இடம். பக்கத்தின் அடியில் இருந்த எண் நாங்கள் பார்க்காத ஒரு நாளில் ஏறியிருந்தது. இரண்டு நாள் கழித்து, பக்கத்தில் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்குக் கடிதம் ஒன்று வந்தது. அத்தனை மாசத்தில் வந்த முதல் கடிதம் அதுதான். உலகம் முழுக்கப் பார்க்கட்டும் என்று போட்ட பக்கத்தை உலகத்தில் ஒருவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார். மண் ஆராய்ச்சிக்காரர்.

நான்கே வரி. என் ஊரைத் தேடியபோது உங்கள் பக்கம் கிடைத்தது. படத்தில் இருப்பவர் அவருடைய மகனா? முகம் அப்படியே இருக்கிறது. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா வந்ததும் அதைத் திறந்து காட்டினேன். மறைத்து வைக்க எனக்குத் திராணி இல்லை. அவர் நின்றபடியே படித்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தபாலு வந்தாப் பதிலு போடணும்ளா" என்றார். "கெடப்புல போடக்கூடாது. அடி."

அடித்தேன். தனக்குத் தெரிந்த அந்த மனு ஆங்கிலத்தில்தான் சொன்னார். பார்வை, தங்கள் கடிதம். அதில் கேட்டுள்ளபடி, படத்தில் காண்பவர் மேற்படியாரின் மகனே எனப் பணிந்து தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. தங்கள் பக்கத்தில் கண்ட சங்கதிகள் யாவும் உண்மை. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கிடுங்கன்னு ஒரு வரி போடட்டுமாப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அத யாரு கேக்கது? செஞ்சவுஹ போயிட்டாஹ. அவுஹளுக்குப் பதிலா நான் கேட்டா, அது அவுஹளக் கேவலப்படுத்துத மாதிரில்லா ஆயிரும்." கொஞ்சம் பொறுத்து, "எம்பேர மட்டும் போடு. பரம்பரை, மரியாதை அதெல்லாம் போடாத. அனுப்பிரு" என்றார்.

இவ்வளவுதான் இவரால் முடியும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் முடிந்தது. அடுத்த வருஷமும் அவர் பரிவட்டம் கட்டிக்கொண்டார். அதற்கடுத்த வருஷமும்.

ஆனால் அன்றைக்கு நடந்தது அது மட்டும் இல்லை. அவர் கண்ணாடியை வேஷ்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கடிதம் இன்னும் என் முன்னால் திறந்திருந்தது. அடியில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. நான் அவருடைய பேத்தி, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்க்க என் விரல்களுக்கு அரை நிமிஷம் போதும். என்னை யாரும் தடுக்கவில்லை. நானாகவே, சேர்க்காமல் அனுப்பினேன்.